வருசத்துக்குக் கால் பாயிண்டு

...இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். கண்ணாடி உன்ன இன்னா பண்ணுச்சி? சோறு கேட்டுச்சா, சண்டைக்கு வந்துச்சா? அது பாட்டுக்கு மூக்கு மேல குந்திகினு கீது. அத்தப் போயி லேசர வெச்சி வெரட்டணும்ன்றியே தம்பி... குடு, கயட்டிக் குடு. குடுன்றேன். காதாண்ட ஆடுது பாரு, ஸ்க்ரூ லூஸு. பவரு எயுதுன பழைய கார்டு தான வேணும், தரேன், அது எங்க ஓடிப் பூடுது. மொதல்ல இத்த டைட் பண்றேன். குந்து. அய்ய, அது டப்பாப்பா, ஸ்டூலு இந்தாண்ட கீது. கண்ணாடி இல்லாம ஸ்டூலு எது, டப்பா எதுன்னு தெரியல. இதுல கண்ணாடியே வேணாமாம்.

அது இன்னா கையில, ஆஸ்பத்திரி சீட்டா? வெய்யி, அந்தக் கண்ணாடிப் பொட்டி மேல வெய்யி. பாக்குறேன், பாக்குறேன். நான் சொல்றத மொதல்ல கேளு.

எதுக்கப் பாரு. ஆங்... உனுக்குத் தெரியாது, கண்ணாடி என் கைல கீது. நானே சொல்றேன். மெட்ரோக்காரன் ரோடு நெடுக்க தகடு நட்டு வெச்சிகீறான்ல, அதுல என் கடைக்கு நேரா ஒரு பேனரு. லேசர் ஆஸ்பத்திரி பேனரு. ஒரு பொண்ணு சிரிச்சிகினே கண்ணாடிய ரெண்டா ஒடைக்குது. நல்ல ஃபிரேமு அது, என்னாண்ட அதே மாடலு கீது. நான் கேக்குறேன், பூந்தமல்லில வேற எடமே இல்லியா? பஸ் ஸ்டாண்டு கீது, மார்க்கெட்டு கீது, கோர்ட்டு கீது. கண்ணாடிக் கடைக்கு எதுத்தாப்ல தான் மாட்டணுமா? தெனம் காலையில ஷட்டரத் தூக்குனா அந்தப் பொண்ணு மூஞ்சில தான் முயிக்கிறேன். இப்ப மெட்ரோ தூசி படிஞ்சி படிஞ்சி அதுக்குக் கண்ணு ரெண்டும் தெரியல. ஒரு துணிய நனைச்சித் தொடச்சா பளிச்சினு ஆயிடும். நான் எதுக்குத் தொடைக்கணும், எனுக்கு இன்னா தலையெயுத்து.

மணவாளன் சாரு தெரியுமில்ல உனுக்கு? உங்க பாரிவாக்கம் அபார்ட்மெண்டு தான், கீய் ஊடு, நாய் வெச்சிகினு கீறாரே. பதினாலு வருசமா என் கஸ்டமரு. நாப்பத்தி நாலு வயசுல அவருக்கு ஆசை வந்துது, லேசர் பண்ணிகினாரு. என் கடை வாசல்ல நடந்து போறப்ப வேணும்னே தூரத்துல வர்ற பஸ்ஸு நம்பரப் படிப்பாரு, என் காதுல வியற மாதிரி. சரி, படிச்சிக்கோன்னு வுட்டுட்டேன். ஒரு மாசம் தாங்கல. பேப்பர இவ்ளோ தூரம் கைய நீட்டிப் புட்சிகினு வர்றாரு. கஜபதி, தூரம் டாப்பா தெரியுது, கிட்ட தான் எயுத்து கொயகொயன்னு கீதுன்றாரு. நாப்பது தாண்டுனா படிக்கிற கண்ணாடி வந்தே தீரும் சாரு, அத்த லேசரு தடுக்காது, ஆஸ்பத்திரில சொல்லலியான்னு கேட்டேன். சொன்னாங்க, நான் தான் கவனிக்கலன்றாரு. காசும் குடுத்து, கண்ணையும் குடுத்து, திரும்பி என் கடைக்கே வந்தாரு. நான் ஒரு வார்த்த குத்திப் பேசல. படிக்கிற கண்ணாடிய மட்டும் நல்லா வெலை ஜாஸ்தியா காட்டுனேன்.

இரு, இரு, கார்டு எடுக்கறேன். அந்த ட்ராயரு இஸ்தா வராது, ஈரத்துல ஊதிப் போச்சி. அப்பால பட்டாபிராம் ஷைலான்னு ஒரு பொண்ணு. கல்யாணத்துக்கு மின்னாடி லேசர் பண்ணிகினா. நல்லாத் தான் கீது அவளுக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா பாரு, பேசிகினே இருக்கும் போது வெரல வெச்சி மூக்கத் தள்ளுறா. இல்லாத கண்ணாடியத் தள்ளுறா தம்பி. மாப்புள்ள ஊட்ல அவளுக்கு ஏதோ மூக்குல கோளாறுன்னு நெனச்சிகினு டாக்டராண்ட கூட்டிகினு போனாங்களாம்.

நான் லேசருக்கு விரோதி இல்ல. அத்த நல்லாப் புரிஞ்சிக்கோ. யாருக்குப் பண்ணலாம், யாருக்குப் பண்ணக் கூடாதுன்னு எனுக்கு அத்துப்படி. பதினெட்டு வயசு தாண்டியிருக்கணும். பவரு ஒரு வருசமாச்சும் நின்ன எடத்துல நின்னிருக்கணும், ஏறிகினே இருந்தா வாணாம். கருவிழி நல்லா தடியா இருக்கணும், அதுக்குன்னு ஒரு மெஷினு வெச்சிப் பாப்பாங்க. கண்ணு காஞ்சி போவுற ஆளுக்கு ஒத்துக்காது, உன்ன மாதிரி பொயுதன்னிக்கும் கம்பியூட்டரப் பாத்துகினு இருக்கறவன் ஒண்ணுக்கு ரெண்டு வாட்டி யோசிக்கணும். சில பேருக்கு ராத்திரில வண்டி ஓட்டுனா லைட்டச் சுத்தி வளையம் வளையமாத் தெரியும், அப்பால போவப் போவ சரியாப் பூடும். எப்படி சொல்றேன் பாரு. இதெல்லாம் என் பொண்ணு படிக்கறப்ப வாய் வுட்டுப் படிக்கும், நான் காதுல வாங்கிகினது.

கனிமொழி. என் பொண்ணு. கண்ணு படிப்பு நாலு வருசம் காலேஜ்ல படிச்சிது. எத்த வெச்சிப் படிச்சிது? இந்தக் கடைல வித்த கண்ணாடிய வெச்சி. காலேஜ்ல சேர்றதுக்கு மின்னாடியே அந்தா கீதே போர்டு, அந்த எயுத்துங்கள வெச்சி எனுக்கே டெஸ்ட் பண்ணும். ஞாயித்துக்கெயம வந்து கண்ணு டெஸ்ட் பண்ற மெஷின தொடச்சி வெக்கும். நான் இன்னா நெனச்சேன், படிச்சி முடிச்சி இந்தக் கடைல குந்தும், கனிமொழி ஆப்டிகல்ஸ்னு போர்ட மாத்தி எயுதலாம்னு நெனச்சேன். அது எங்க போச்சி தெரியுமா? இதே பேனர் போட்ட லேசர் ஆஸ்பத்திரிக்கு. உள்ள வர்றவங்களுக்கு மொத டெஸ்ட் எடுக்கற வேலை. இதுல கூத்து இன்னான்னா, அவளே கண்ணாடி போட்டுகினு தான் அங்க குந்திகினு கீறா. ஏம்மா நீ பண்ணிக்கலாம்லன்னு கேட்டா, என் கருவிழி மெலிசுப்பா, எனுக்குப் பண்ணக் கூடாதுன்றா. அப்ப ஊர்ல கீறவனுக்கெல்லாம் பண்றியேன்னா, எல்லாருக்கும் இல்ல, பத்துல மூணு பேரத் திருப்பி அனுப்பறோம்ன்றா. அந்த மூணு பேராச்சும் என்னாண்ட வர்றானுங்களா பாரு. எதிர்க்கடை கண்ணாடிக்காரனாண்ட போறானுங்க.

இப்ப ஒரு மாசமா பேசறதில்ல எங்கூட. சோறு போட்டு வெப்பா, பஸ்ஸுக்குக் கெளம்பிப் பூடுவா. காப்பி டம்ளர நக்குனு வெக்கிற சத்தத்துல தான் அவ ஊட்ல கீறான்னே தெரிது. எங்கூட்டுக்காரிய வுட்டுக் கேட்டேன், அவரையே கேளும்மான்னு சொல்லிகீறா. நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எதுக்குக் கோவம் வரும்னே சொல்ல முடியல.

இன்னா? தலவலியா? ஓ, அதுக்குத் தான் லேசரா. சாயந்தரம் ஆனா கண்ணு ரெண்டையும் யாரோ உள்ளேந்து இஸ்துப் புடிக்கிற மாதிரி கீதா... கண்ணாடியக் கயட்டி வெச்சா சரியாப் பூடுதா. அதனால கண்ணாடியே ஒத்துக்கலன்னு முடிவு பண்ணிட்டியா. அது கம்பியூட்டரு நைனா. ஏசி காத்து. நேரத்துக்குத் துன்னாம இருக்கறது. போன வருசமும் இத்தயே சொன்ன, அதுக்குத் தான பவர ஏத்திப் போட்டுக் குடுத்தேன். அதுக்கு மின்ன வருசமும் சொன்ன, அப்பவும் ஏத்துனேன். இதுக்கு மேல நான் இன்னா பண்றது.

சரி, சரி, சும்மா அந்தச் சீட்டயே தட்டிகினு கீறியே. குடு. இரு, என் படிக்கிற கண்ணாடி ஊட்ல மறந்துட்டேன். இதுல ஒண்ணு எடுத்துக்கறேன், வெலைச் சீட்டு தொங்குனா தொங்கிட்டுப் போவுது. இன்னா எயுதிகீறானுங்க... "பெயர் அபிஷேக். வயது இருபத்தெட்டு. தற்போது அணியும் கண்ணாடி, மைனஸ் நாலு." ஆமா, நான் போட்டது. "கருவிழித் தடிமன் சரியாக உள்ளது." பரவால்ல, தடி கண்ணு தான் உனுக்கு. "சொட்டு மருந்து விட்டபின் பவர், மைனஸ்..."

மைனஸ் மூணு.

இரு. இந்த மூணு... மேல தட்டையா கோடு போட்டு எயுதிகீறாங்களே. இத்த எயுதுனது யாரு தம்பி? பொண்ணா? கண்ணாடி போட்டுகினு, ஒல்லியா, வார்த்தைக்கு வார்த்த ஓகேவா ஓகேவான்னு கேட்டுகினு? ...ஆங். நீ எடுத்துகினு போன கார்டப் பாத்தாளா? என் கடைக் கார்டுன்னு தெரிஞ்சப்பால இன்னா பண்ணா? கார்டையே பாத்துகினு இருந்தாளா. சரி. அப்பால தான் இத்த எயுதுனாளா? சரி, வுடு.

கீய இன்னாவோ கீது. "வருடா வருடம் பவர் ஏறியதாகக் கூறுவதால் ஆபரேஷன் ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது. பழைய கார்டுகளில் உள்ளது பரிசோதனையில் வந்த உண்மையான பவர்தானா என்பதைக் கடைக்காரர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் மறுபரிசீலனை செய்யலாம்."

கடைக்காரராம். அப்பான்னு எயுதல, பாத்தியா.

இது ஒண்ணுமில்ல தம்பி. மெஷின் பழசு. பழைய மெஷின்ல அப்படி இப்படித் தான்...

ச்சே. இதே வார்த்தையத் தான் அவ கிட்டயும் சொன்னேன். போன மாசம். சோத்துல கைய வெச்சிகினு இருக்கேன், எதுர வந்து குந்துனா. அப்பா, நம்ம கடைக் கார்டு எடுத்துகினு வர்றவங்களுக்கு மட்டும் வருசத்துக்குக் கால் கால் பாயிண்டா ஏறுதேப்பா, அது எப்படின்னு கேட்டா. நான் தட்ட வுட்டுத் தலையத் தூக்கல. மெஷின் பழசும்மான்னேன். அவளுக்குத் தெரியாதா அந்த மெஷினு? ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம தொடச்சி வெச்சதே அவ தான். எய்ந்திரிச்சி உள்ள பூட்டா. அன்னிலேந்து தான் பேசறதில்ல. இன்னா காரணம்னு தெரியலன்னு உனுக்குச் சொன்னேன்ல, தெரியும். எனுக்கு நல்லாத் தெரியும்.

குந்து தம்பி, எய்ந்துக்காத. கண்ணாடி இல்லாம எங்க போவ. ரோட்ல பள்ளம் தோண்டி வெச்சிகீறான்.

திருவேங்கடம்னு ஒரு வாத்தியாரு வருவாரு. நான் கடை வெச்ச புதுசு. வந்து குந்துனாரு, டெஸ்ட் எடுத்தேன். சாரு, பவரு மாறவேயில்ல, இதே கண்ணாடி போதும்னேன். நான் இன்னா நெனச்சேன், சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். மனுசனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சி. மாறலியா, நல்லாப் பாத்தியான்றாரு. நேரா எதிர்க்கடைக்குப் போனாரு. அவன் அரைப் பாயிண்டு ஏத்திப் புதுக் கண்ணாடியே மாட்டி வுட்டான். இவரு தெருத் தெருவாப் போயி, கஜபதிக்கு ஒண்ணும் தெரியல, அங்க போங்க, கரெக்டா கண்டுபுடிக்கிறான்னு சொல்லிட்டாரு. அந்த வருசம் பொங்கலுக்கு என் கடைல ஈ ஓட்டுனேன். நெசமா பாத்து நெசத்தச் சொன்னவன் நானு, ஈ ஓட்டுனவனும் நானு.

அப்பால தான். ஒரு கால் பாயிண்டு. ஜாஸ்தி இல்ல, வெறும் கால். கால் ஏறிகீது சாருன்னு சொல்லிப் பாரு, ஜனங்க மூஞ்சில அப்படி ஒரு தெளிச்சி. நான் சொன்னேன்ல, எனுக்கே தெரிஞ்சிது, அதான் பஸ் போர்டு மங்கலாத் தெரிஞ்சிதுன்னு அவங்களே நமக்கு எடுத்துக் குடுப்பாங்க. கொஞ்சம் ஏத்துனா கறுப்பு எயுத்து இன்னும் கறுப்பாத் தெரியும், ஆகா ஓகோன்னுவாங்க. யாருக்கு நஷ்டம்னு நெனச்சேன். நீ அஞ்சு வருசத்துக்கு மின்னாடி திருநெல்வேலிலேந்து வந்து, ஊடு பால் காய்ச்சின வாரமே இங்க வந்த. மூணு. கரெக்டா மூணு தான் இருந்துது, இன்னிக்கும் அதே மூணு தான். தோ, கார்டு. மூணு, மூணே கால், மூணரை, மூணே முக்கா, நாலு. நாலு வாட்டி ஏத்திகீறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கால்.

தலவலி... ஆமா. அதனால தான். ஒரு பாயிண்டு ஜாஸ்தியா போட்டுகினு நாளெல்லாம் கம்பியூட்டரப் பாத்தா கண்ணு இன்னா பண்ணும், முக்கிகினே இருக்கும். நீ தலவலின்னு வந்து சொல்லுவ, நான் இன்னொரு கால் ஏத்துவேன். வலி தாங்காம நீ கண்ணாடியே வாணாம்னு லேசருக்குப் போவ. இவ்ளோ நேரம் கத்திகினு இருந்தேனே, அந்த பேனர்க்காரன் என் கஸ்டமர இஸ்துகினு போறான்னு. அவன் எங்க இஸ்தான். கால் கால் பாயிண்டா நானே தான தள்ளி வுட்டுகீறேன்.

திட்டணும்னா திட்டிடு தம்பி. எனுக்கு அது பயகிப் போச்சின்னு சொல்ல மாட்டேன், யாரும் திட்டுனதில்ல. எல்லாரும் தாங்க்ஸ் தான் சொல்லிட்டுப் போவாங்க.

இப்படி வா. மூஞ்ச நேரா வெய்யி. இது டெஸ்ட் ஃபிரேமு, கொஞ்சம் கனமா தான் இருக்கும், மூக்க அமுக்கும், பொறுத்துக்கோ. வலது கண்ணுக்கு மூணு... எடது கண்ணுக்கு மூணு... சொருவிட்டேன். தொறந்து பாரு. கடைசி வரியப் படி. படிக்கிறியே. தெளிவா கீதா? நல்லா வெளிய பாரு, தூரத்துல. பஸ்ஸு நம்பரு? ...அஞ்சு நிமிசம் அப்படியே இரு. கண்ணு இஸ்துப் புடிக்குதா? இல்லியா. தோளு எறங்குது பாரு உனுக்கு. இவ்ளோ நாளு தூக்கி வெச்சிகினே இருந்தியா.

நான் சொல்றதக் கேளு. கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம், என் பேச்ச இனிமே எவன் கேப்பான். இந்த மூணுல கண்ணாடி போட்டுத் தரேன், ரெண்டு மாசம் போட்டுப் பாரு. தலவலி நின்னுப் போச்சின்னா உனுக்கு லேசரே தேவ இருக்காது. நின்னப்பறமும் கண்ணாடி வாணாம்னு தோணுச்சின்னா, போயி பண்ணிக்கோ, தாராளமா. கண்ணு தடியா கீது, வயசு கீது, பவரு அஞ்சு வருசமா அசையாம நிக்குது. ஆனா முடிவு எடுக்கறப்ப தலவலியோட எடுக்காத. அவளாண்டயே கேளு. பத்துல மூணு பேரத் திருப்பி அனுப்பற பொண்ணு அவ, உன்னாண்ட பொய் சொல்ல மாட்டா.

கையெயுத்தா... இரு, போடறேன்.

இந்த ஒரு சீட்டு இந்தத் தெருவுல பத்து பேரு கைக்குப் போச்சின்னா, இந்த ஷட்டர நான் தூக்க வேண்டிய வேலையே இல்ல. தெரிஞ்சி தான கேட்டுகீறா. அவ அப்பன் கடை தான். அவ படிச்ச கடை தான். வேற யாராச்சும் கேட்டிருந்தா கியிச்சிப் போட்டிருப்பேன்.

எயுதிட்டேன் பாரு. படிக்கிறேன். "முதல் கார்டில் உள்ள மூணு மட்டும் பரிசோதனையில் வந்தது. மற்ற நாலு கார்டிலும் ஏறியது நான் ஏற்றியது. கஜபதி." தேதி போட்டாச்சி. இந்தா, அஞ்சு கார்டும் கீது. சீட்ட அவ கைலயே குடு. ரிசப்சன்ல குடுக்காத. குடுத்துட்டு ஒரு நிமிசம் நில்லு தம்பி, அவ மூஞ்சி எப்படி போவுதுன்னு பாத்துகினு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த...

ஏய் தம்பி. அபிஷேக். எங்க போற, அந்த ஃபிரேமு, டெஸ்ட் ஃபிரேமுப்பா அது, கயட்டிட்டுப் போ. ரோட்ல எல்லாம் ஒரு மாதிரி பாக்குறாங்க பாரு... காதுல வாங்கல. தாண்டிட்டான். பள்ளத்தக் கூட கரெக்டா தாண்டிட்டான். தோ, தகட்டாண்ட நின்னுகினு அந்த பேனரப் பாக்குறான். கைகுட்டைய எடுத்து அந்தப் படத்துப் பொண்ணு கண்ணத் தொடைக்கிறான் பாரு. தொடைக்கட்டும். ஆஸ்பத்திரி பக்கம் போற ஷேர் ஆட்டோ ஏறிட்டான், சீட்டு கையிலயே கீது.

போவட்டும். அந்த ஃபிரேமப் பாத்தா அவளுக்கே தெரியும் எந்தக் கடையோடதுன்னு. மூக்குப் பட்டையில சுத்தியிருக்கற சேப்பு நூலு அவ சுத்துனது.

இவன் கண்ணாடி இங்கயே கீது. ஸ்க்ரூ டைட்டு பண்ணிட்டேன், இனிமே ஆடாது, ஆடாம இன்னா புண்ணியம். நாலு. நாலு வருசம் தலவலியோட வந்து போனான், ஒவ்வொரு வாட்டியும் வாசல்ல திரும்பி நின்னு தாங்க்ஸ்ண்ணேன்னு சொல்லிட்டுத் தான் போனான்.